குத்துச்சண்டைத் தீர்ப்பும் நடுவுநிலையும்

புறநானூற்றின் 85ஆம் பாட்டில் ஒரு வெற்றித் தகராறு உண்டு. சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளியைப் பாடும் நக்கண்ணையார், வெற்றி அவனுக்கே என்பார் ஒருசாரும் அன்று என்பார் ஒருசாருமாக ஊரார் நிற்பதைச் சொல்லி, தாம் சிலம்பு ஒலிக்க ஓடிச்சென்று பனையடியில் நின்று அவன் வென்றதைக் கண்டதாக முடிக்கிறார். இதனை நடத்தும்போதெல்லாம் மாணவர் நகைப்பர். காதல் கொண்டவள் கூறும் தீர்ப்பை யார் ஏற்பார் என்பது அவர்தம் வினா. நல்ல வினாவே.

2014ஆம் ஆண்டு இஞ்சியோன் ஆசிய விளையாட்டு அரையிறுதியில் மணிப்பூரின் சரிதா தேவி, கொரிய நாட்டுப் பார்க் ஜி-நாவிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டார். கண்டோர் பலர் திகைத்தனர். முறையீட்டுக்குப் பணங்கட்டியும் பயனில்லை. நடுவர் இட்ட மதிப்பெண்ணை எதிர்த்து முறையிடவே விதியில் இடமில்லை என்றனர். பதக்க மேடையில் அவர் வெண்கலப் பதக்கத்தைக் கழுத்தில் ஏற்க மறுத்து, பார்க் ஜி-நாவுக்கே அணிவித்து அழுதார். பின்னர் மன்னிப்புக் கேட்டும் ஓராண்டுத் தடை விதிக்கப்பட்டது. தீர்ப்புப் பிழையோ அன்றோ, அதனை ஆராய மறுத்தவர்கள் அழுதவரைத் தண்டிக்க மட்டும் விரைந்தனர். இதனை முறை என்று நம்மால் ஒப்ப இயலவில்லை.

பணத்துக்காக ஆடப்பெறும் தொழில்முறைக் குத்துச்சண்டையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. ஒவ்வொரு சுற்றிலும் மேம்பட்டவருக்கு 10, மற்றவருக்குப் பெரும்பாலும் 9 என மூன்று நடுவர் இடுகின்றனர். 2012இல் பாக்கியாவோ பிராட்லியிடம் தோற்றதாக மூவரில் இருவர் எழுதினர். உலகக் குத்துச்சண்டை அமைப்பு ஐந்து நடுவரைக் கொண்டு ஒளிப்பதிவை மறுபடி பார்க்கச் செய்தது. ஐவரும் பாக்கியாவோவே வென்றார் என்றனர். ஆயினும் முடிவு மாறவில்லை! மாற்றும் அதிகாரமில்லாத மறுபார்வை எதற்கு?

பொறியை வைத்தால் தீரும் என்பாரும் உளர். 1988 சியோல் ஒலிம்பிக்கில் ராய் ஜோன்சுக்கு நேர்ந்த அநீதியின்பின், 1992 பார்சிலோனாவில் பொத்தானை அழுத்தி மதிப்பிடும் கணினிமுறை வந்தது. பொத்தானை அழுத்தியதும் அதே மனிதவிரல் ஆகலின் பூசல் ஓயவில்லை. 2012க்குப் பின் அம்முறை கைவிடப்பட்டது. சுற்றுதோறும் மதிப்பெண்ணை அறிவிக்கலாம் எனின், முந்தி நிற்பவர் இறுதிச் சுற்றுகளில் சண்டையிடாது விலகி ஓடுவார். எனவே நாம் வேண்டுவது வேறு. போட்டியை நடத்திப் பொருளீட்டுவோர் நடுவரைத் தெரிவதிலோ அவர்க்கு ஊதியம் தருவதிலோ தலையிடக் கூடாது. ஒவ்வொரு சுற்றுக்கும் இன்ன காரணத்தால் இவருக்கு என நடுவர் எழுதி வெளியிட வேண்டும். மறுபார்வைக் குழுவுக்கு முடிவை மாற்றும் உரிமை வேண்டும்.

ஈண்டு நம் நெஞ்சையும் சற்றே சோதித்துக் கொள்வோம். 1980இல் சென்னைக்கு வந்து காட்சிப்போட்டி ஆடிய முகம்மது அலியை நம் பெரியோர் இன்றும் பெருமிதத்தோடு பேசுவர். நமக்கும் அவர்மீது அளவிறந்த அன்புண்டு. அந்த அலி 1976இல் கென் நார்ட்டனை வென்றதாகக் கூறிய தீர்ப்பை, மேடையருகே இருந்த செய்தியாளர் பலர் ஏற்கவில்லை. அத்தீர்ப்பை நாம் எப்பொழுதேனும் ஐயுற்றோமா? பனையடியில் நின்றவரை நகைக்கும் தகுதி நமக்கும் இல்லை.

குத்துச்சண்டையே நடவாத நம் அயோத்தியாப்பட்டணத்தில் இப்பேச்சு எதற்கு என அன்பர் சிலர் கேட்கலாம். இங்குக் கபடி நடக்கிறது, பேச்சுப்போட்டி நடக்கிறது. சில ஆண்டுகட்கு முன் ஒரு பேச்சுப்போட்டியில் நடுவராக அமர்ந்த நாம், அரங்கின் கைத்தட்டலுக்கு மயங்கி ஒரு மாணவனுக்கு மதிப்பெண் கூட்டியிட்டோம். இரண்டாமிடம் பெற்ற மாணவி வந்து, "ஐயா, நான் எங்கே குறைந்தேன்?" எனப் பணிவோடு கேட்டாள். நம்மிடம் விடையில்லை. அன்றுமுதல் மதிப்பெண் தாளின் பின்புறம் காரணத்தை எழுதி, கேட்போர்க்குக் காட்டி வருகிறோம்.