வழிகாட்டிச் சின்னத்தின் வயது

நடுவிலிருந்து எட்டுக் கிளைகள் விரியும் சின்னம் ஒன்றை மேலைநாட்டு இளைஞர் பலர் கையில் பச்சை குத்திக்கொள்கின்றனர். வெக்விசிர் என்பது அதன் பெயர். வழிகாட்டி என்பது பொருள். பழங்காலக் கடலோடிகளான வைக்கிங்குகள் போற்றிய சின்னம் இது என்பது பலர் நம்பிக்கை.

வைக்கிங் காலமோ 11-ஆம் நூற்றாண்டிலேயே முடிந்தது. இச்சின்னம் இன்று அறியப்படுவது, ஐஸ்லாந்தில் கெயிர் விக்ஃபுசன் 1860-இல் தொகுத்த ஹுல்ட் என்னும் கையெழுத்துச் சுவடியால். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அத்தீவு கிறித்தவம் தழுவிவிட்டது. இதனை உடன் வைத்திருப்பவர் புயலிலும் வழி தவறார் என்கிறது அச்சுவடி.

தோர் என்னும் இடிக்கடவுளின் சம்மட்டியோ மெய்யாகவே தொன்மையானது. டென்மார்க்கின் லோலாண்ட் தீவில் 2014-இல் கண்டெடுத்த 10-ஆம் நூற்றாண்டுப் பதக்கத்தில், அது சம்மட்டி என்றே ரூன் எழுத்துகளில் பொறித்துள்ளனர். அந்நாட்டில் கிடைத்த மாக்கல் வார்ப்பச்சு ஒன்றில் சம்மட்டிக்கும் சிலுவைக்கும் குழிகள் அருகருகே உள்ளன. இரு நெறியினருக்கும் ஒரே கொல்லர் பதக்கம் வார்த்தார் போலும்.

வழி தவறாதிருக்க வேண்டுதல் எக்காலத்தும் நல்லதே. அவ்வேண்டுதலுக்கு இல்லாத பழமையை ஏற்ற வேண்டுவதில்லை. உடலில் அழியாது பதியும் சின்னத்தின் வரலாற்றை முன்னரே அறிதல் நன்று.