தரைக்குச் சதுர அடிக் கணக்கு போதாது

வீட்டுத் தரைக்கு டைல்ஸ் வாங்குவோர் பலர் நீளத்தை அகலத்தால் பெருக்கிக்கொண்டு கடைக்குச் சென்றுவிடுகிறார்கள். அது போதாது என்பதே எங்கள் கருத்து. விற்பது சதுர அடியில். பதிப்பதோ வரிசை வரிசையாக.

வடலூரில் எழும் ஒரு வீட்டை எண்ணிக்கொள்வோம். அறையின் நீளம் 11 அடி 4 அங்குலம், அகலம் 9 அடி 4 அங்குலம். பரப்பு ஏறத்தாழ 106 சதுர அடி. 2 அடிச் சதுரக் கற்கள் 27 போதும் என்று பரப்புக் கணக்கு சொல்லும். வரிசைக் கணக்கோ நீளத்தில் 6, அகலத்தில் 5, ஆக 30 கேட்கும். ஓரக்கற்களில் 16 அங்குலம் போக எஞ்சும் 8 அங்குலத் துண்டு தரைக்கு உதவாது. இரண்டாக அறுத்தால் சுவரடிப் பட்டிக்கு ஆகும். உடைசலுக்கு 2 சேர்த்தால் 32. பெட்டிக்கு 4 எனில் 8 பெட்டிகள். மூலைவாட்டில் பதித்தால் சேதம் இன்னும் கூடும்.

குறைந்தால் பிறகு வாங்கலாமே என்பீர்கள். நெய்வேலிச் சுரங்கத்தில் பழுப்பு நிலக்கரியோடு களிமண் கிடைத்ததும், விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் வளர்ந்ததும் வடலூரார் அறிந்தவையே. ஆயினும் இன்று நாட்டின் டைல்ஸ் உற்பத்தியில் பெரும்பங்கு குஜராத்தின் மோர்பியினுடையது. சூளைத் தொகுதிக்குத் தொகுதி நிறம் சற்றே மாறும். பெட்டியின்மேல் தொகுதி எண் அச்சிடுவது அதனால்தான். அடுத்த லாரியில் அதே தொகுதி வருமென்ற உறுதி இல்லை.

ஆகவே, பதிக்கப்போகும் கொத்தனாரையே அழைத்து அளந்து, வரிசை எண்ணி, ஒரே தொகுதியில் மொத்தமாக வாங்குங்கள். பிரிக்காத பெட்டியைத் திரும்ப எடுப்பார்களா என்று பில் போடுமுன் கேளுங்கள். உடையாமல் எஞ்சும் கற்களைப் பரணில் வையுங்கள். பத்தாண்டு கழித்துக் குழாய்ப் பழுதுக்காகத் தரையைப் பெயர்க்க நேர்ந்தால், அதே கல் கடையில் கிடைப்பது அரிது. மிச்சம் வீணன்று; அதுவும் தரையின் பகுதியே.