கல் சொல்லாத ஓகஸ்ட் 25

ஒட்டுசுட்டானை அடுத்த கற்சிலைமடுவில் ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. இவ்விடத்திற்கு அண்மையில் கப்டன் வொன் ட்றிபேர்க் பண்டாரவன்னியனைத் தோற்கடித்தார். நாள் 1803 ஒக்டோபர் 31. அக்கல் கூறிய செய்தி இவ்வளவே. ஓர் இராணுவ அதிகாரியின் வாழ்நாளில் வன்னி மக்கள் நினைவில் வைக்கத்தக்க நாள் அது ஒன்றுதான் என்று அதனை எழுதியோர் தீர்ப்பளித்துவிட்டனர். அத்தீர்ப்புக்கு எதிராகவே நாம் இம்மேன்முறையீட்டை மக்கள் மன்றத்தில் சமர்ப்பிக்கின்றோம்.

1803 ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு நல்ல ஆண்டாக இருக்கவில்லை. தேசாதிபதி பிரடெரிக் நோர்த்தின் படை பெப்ரவரியில் கண்டி நகருட் புகுந்தது. ஜூன் மாதத்தில் மேஜர் டேவியின் கீழ் அங்கு நின்ற படை அழிந்தது. கண்டியுடன் கைகோத்து நின்ற பண்டாரவன்னியன் ஓகஸ்ட் 25 அன்று முல்லைத்தீவைத் தாக்கினான். கோட்டை வீழ்ந்தது, பீரங்கிகள் பறிபோயின, காவற்படை தோணியேறி யாழ்ப்பாணத்துக்கு ஓடியது. அக்காவற்படையின் தலைவர் யார்? அதே கப்டன் ட்றிபேர்க்! ஒக்டோபர் 31 இன் வெற்றியாளரும் ஓகஸ்ட் 25 இல் ஓடியவரும் ஒருவரே. இடையிலே 67 நாட்கள். யாழ்ப்பாணம், மன்னார், திருக்கோணமலை என மூன்று திசைகளிலிருந்தும் படைகள் திரண்டு வந்த பின்னரே கற்சிலைமடுவில் அவருக்கு வெற்றி கிட்டியது. சாட்சி ஒருவர் தமக்குச் சாதகமான பாதியை மட்டும் கூறி மறுபாதியை விழுங்கினால், நீதிமன்றம் அவரை நம்புமா? கல் கூறினால் மட்டும் நாம் நம்ப வேண்டுமா?

ட்றிபேர்க் என்ற தனிமனிதர் மீது நமக்குப் பகையில்லை. பெயரால் ஜெர்மானியர், ஊழியத்தால் ஆங்கிலேயப் படையினர், ஏவிய பணியைச் செய்தவர். நாம் கேட்பது, அவரை ஏவியோருக்கு இம்மண்ணில் என்ன உரித்து இருந்தது என்பதே. 1782 இல் ஒல்லாந்தர் வன்னியை ஆயுத பலத்தால் அடக்கினர். 1796 இல் ஒல்லாந்தரின் இலங்கைப் பிரதேசங்கள் ஆங்கிலேயர் வசமாயின. 1802 இல் பிரான்சு தேசத்து அமியன் நகரில் கைச்சாத்தான உடன்படிக்கை அக்கைமாற்றத்தை உறுதிசெய்தது. அங்கே வன்னியின் சார்பில் ஒப்பமிட்டவர் எவர்? ஒருவருமில்லை! ஒருவன் பறித்ததை மற்றொருவன் பெற்றுக்கொண்டான். அதனை எதிர்த்த மண்ணுக்குரியவனுக்குக் கிடைத்த பட்டமோ ‘கலகக்காரன்’. விசுவாசம் கடமைப்பட்டவன் அதனை மீறினாலன்றோ கலகம்? சம்மதியாத ஆட்சிக்கு விசுவாசம் ஏது?

பிறர் மறைத்ததைக் கண்டிக்கும் நாம் நம்மவர் சேர்த்ததையும் கண்டித்தாக வேண்டும். அக்கல்லிலே ‘தோற்கடித்தார்’ என்ற சொல் இருந்தது. ‘கொன்றார்’ என்ற சொல் இருக்கவில்லை. நமது நாடக மேடைகளோ அன்றே பண்டாரவன்னியனைக் களத்திற் சாய்த்து, காக்கைவன்னியன் என்னும் துரோகியின் தலையில் பழி முழுவதையும் சுமத்திவிடுகின்றன. கைதட்டல் கிடைக்கிறது, மூன்று திசைகளிலிருந்தும் படை வந்த செய்தி மறைகிறது. ஒரு பேரரசு ஒரு சிற்றரசை எவ்வாறு நசுக்கியது என்பதைக் கற்கவேண்டிய இளைஞன், ஒரு துரோகி இல்லையேல் வென்றிருப்போம் என்ற பொய் ஆறுதலோடு வீடு திரும்புகிறான். கண்டி அரசும் வன்னியும் ஒரே எதிரிக்கெதிராக ஒன்றுபட்டன என்ற உண்மையும் அதே திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது.

பழங்கதை இப்போது எதற்கு என்று கேட்போர் உளர். 2017 இல் கேப்பாபிலவு மக்கள் தங்கள் சொந்தக் காணியைக் கேட்டுப் படைமுகாமின் வாயிலருகே இரவு பகலாக அமர்ந்திருந்தனரே, அதுவும் பழங்கதையா? ஆயுதம் தாங்கி வந்தவனின் ஏடு பெரிதா, தலைமுறையாக வாழ்ந்தவனின் உரித்துப் பெரிதா என்ற வழக்கு 1803 உடன் முடிந்துவிடவில்லை. தன் மண்ணின் வரலாற்றை மாற்றான் எழுத விட்ட மக்கள், அம்மண்ணின் உறுதியையும் மாற்றான் எழுதக் காண்பர்.

வவுனியாவில் பண்டாரவன்னியனுக்குச் சிலையுண்டு. மாலையிடுவோம், அதனோடு நின்றுவிட வேண்டாம். முல்லைத்தீவிலும் கற்சிலைமடுவிலும் இரு நாட்களையும் ஒருங்கே கூறும் கல்வெட்டுகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழவேண்டும். நமது வெற்றியோடு நமது தோல்வியும் அதில் இருக்கட்டும். வன்னியின் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் ஓகஸ்ட் 25 ஐயும் ஒக்டோபர் 31 ஐயும் சேர்த்தே படிக்கட்டும். உள்ளூராட்சி மன்றங்களே, ஆசிரியர்களே, இதற்குக் கொழும்பின் அனுமதிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. முழு உண்மையை எழுத நமது கைகளே போதும். எழுதத் தொடங்குவோம்!