மருமகள் விருந்தாளி இல்லை

மலேசியாவின் காப்பார் வட்டாரச் சாலையோரச் சாப்பாட்டுக் கடைகளில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது: "இந்தியாவிலேருந்து பொண்ணு எடுத்தா எடுத்துக்கட்டும். அதுக்காக வேலையும் குடு, பி.ஆரும் (நிரந்தரக் குடியிருப்பு) குடுன்னு கேட்டா எப்படி? நம்ம பிள்ளைங்களுக்கே இங்க வேலை இல்ல." இதைச் சொல்பவர்கள் கெட்டவர்கள் இல்லை. தங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்தை நினைத்துக் கவலைப்படுகிறவர்கள். ஆனால் இந்தக் கவலை தவறான வாசலில் போய் நிற்கிறது. மலேசியக் குடிமக்களை மணந்தவர்களுக்கு இங்கே தங்கவும் உழைக்கவும் இயல்பான உரிமை வேண்டும் என்று நான் நம்புகிறேன். அதை மறுப்போர் சொல்லும் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஒரு வீட்டைக் காட்டுகிறேன். எங்கள் தாமானில், அதாவது குடியிருப்பில், நான்கு வாசல் தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். பிறந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். கணிதத்தில் பி.எஸ்சி., அதன்மேல் பி.எட். கணவர் காப்பாரில் பிறந்து வளர்ந்தவர், மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பிள்ளைகளும் மலேசியக் குடிமக்கள். ஒருநாள் அவள் தன் கடப்பிதழை என் முன்னால் விரித்து வைத்தாள். அதில் ஒட்டியிருந்த பாஸின் பெயர் 'நீண்டகாலச் சமூக வருகை'. அதன் கீழே, எவ்வகை வேலையும் கண்டிப்பாகத் தடை செய்யப்பட்டுள்ளது என்று ஒரு வரி. "எட்டு வருஷமாச்சுக்கா. இந்த வீட்டுல சமைக்கிறேன், மாமியாரைப் பார்த்துக்கிறேன், ரெண்டு பிள்ளை பெத்திருக்கேன். இன்னும் நான் வருகைக்கு வந்தவதானா?" என்று கேட்டாள். ஒரு டியூஷன் நிலையத்தில் கணக்கு ஆசிரியை வேலைக்குப் போயிருக்கிறாள். நடத்துபவருக்கு அவளைப் பிடித்துவிட்டது. கடப்பிதழைப் புரட்டி அந்த வரியைப் படித்ததும், "வேணாம்மா, நமக்கு வம்பு" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இப்போது ரவிக்கை தைத்துக் கொடுக்கிறாள், அதுவும் பயந்து பயந்து.

முதல் வாதம்: "அவர்களை வேலைக்கு விட்டால் உள்ளூர்க்காரனின் வேலை போய்விடும்."

இந்த நாட்டில் பெர்மிட்டோடு வேலை செய்யும் அந்நியத் தொழிலாளர்கள் மட்டும் இருபது லட்சத்துக்கும் மேல். அவர்களை வரவழைப்பது முதலாளிகள், அனுமதிப்பது அரசாங்கம். உள்ளூர்ச் சம்பளம் உயராமல் இருப்பதற்குக் காரணம் தேடுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அது. குடிமக்களின் கணவன்மாரும் மனைவிமாரும் இந்தக் கூட்டத்தில் சேராதவர்கள். அவர்களை எந்த ஏஜெண்டும் கூட்டி வரவில்லை, எந்த முதலாளியும் மலிவுக் கூலிக்குத் தருவிக்கவில்லை. வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அவர்கள் இங்கேதான் இருக்கப் போகிறார்கள், ஏனென்றால் அவர்கள் குடும்பம் இங்கே இருக்கிறது. வேலையைத் தடுப்பதால் வரவு குறையாது. வந்தவரின் உழைப்புதான் வீணாகிறது. சட்டப்படி வேலை செய்ய முடியாதவர் சட்டத்துக்கு வெளியே குறைந்த கூலிக்கு இறங்குகிறார். உள்ளூர்க்காரரின் கூலியை இழுத்துக் கீழே தள்ளுவது அதுதான்.

இரண்டாவது: "கணவன் சம்பாதித்துப் போடட்டுமே. மனைவி எதற்கு வேலைக்குப் போக வேண்டும்?"

2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 ரிங்கிட். கிள்ளான் வட்டாரத்தில் ஒரு சிறு வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளி பஸ், மோட்டார் சைக்கிள் தவணை, அரிசி பருப்பு என்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சம்பளத்தில் நான்கு பேர் எப்படி மாதத்தைக் கடத்துவது? மலேசியர் இருவர் மணந்துகொண்டால் இரண்டு சம்பளம். ஒருவர் வெளிநாட்டவரானால் ஒரு சம்பளம். இந்த வேறுபாட்டின் சுமை விழுவது குடிமக்களான பிள்ளைகள் மேல். கணவனுக்கு விபத்தோ நோயோ வந்தால் குடும்பத்தில் சம்பாதிக்க ஆளே இல்லை. மேலும் இது பெண்களை மட்டும் பற்றியதும் இல்லை. காப்பாரில் பிறந்த பெண் தமிழ்நாட்டுப் பையனைக் கட்டி இங்கே கூட்டி வந்தால், அவனும் அதே பாஸோடுதான் வீட்டில் இருக்க வேண்டும். "கணவன் சம்பாதிக்கட்டும்" என்பவர்கள் அந்தக் கணவனுக்கும் வேலை செய்யும் உரிமையை மறுக்கிறார்கள்.

மூன்றாவது: "அனுமதி கேட்டால் கொடுக்கிறார்களே! விண்ணப்பம் போட்டால் வேலை செய்யலாமே!"

உண்மைதான், வழி இருக்கிறது. வேலை கொடுப்பவரிடமிருந்து கடிதம் வாங்கிக் குடிநுழைவுத் துறையிடம் விண்ணப்பித்தால் கடப்பிதழில் வேலைக்கான அனுமதியைக் குறித்துத் தருவார்கள். ஆனால் அந்தக் கடிதத்தைத் தர வேண்டிய முதலாளி முதலில் பார்ப்பது 'கண்டிப்பாகத் தடை' என்ற வரியைத்தான். சின்னக் கடைக்காரரும் சின்ன அலுவலகமும் சட்டச் சிக்கலுக்குப் பயந்து விலகிவிடுகிறார்கள். வேலை இருந்தால் அனுமதி, அனுமதி இருந்தால் வேலை என்று சுற்றிச் சுற்றி ஓடியே பலருக்கு வயது போய்விடுகிறது.

இன்னொன்றும் உண்டு. பாஸைப் புதுப்பிக்கும்போது மலேசியத் துணை கூட வர வேண்டும். நல்ல கணவன் லீவு போட்டு வருவான். அடிக்கிற கணவன் வருவானா? "வரமாட்டேன், போ" என்ற ஒரு சொல்லில் ஒரு பெண் சட்டவிரோதக் குடியேறியாகிவிடலாம். பிள்ளைகளை விட்டுப் பிரிய வேண்டி வருமே என்ற பயத்தில் அடியைப் பொறுத்துக்கொள்ளும் பெண்களின் கதை மகளிர் அமைப்புகளுக்குப் புதிதில்லை. கையில் சொந்தச் சம்பளமும் தன் பெயரிலேயே தங்கும் உரிமையும் இருந்தால் அந்தப் பயம் பாதி குறையும்.

நான்காவது: "உரிமையைத் தூக்கிக் கொடுத்தால் போலிக் கல்யாணம் பெருகும்."

போலித் திருமணங்கள் நடக்கின்றன. அதை நான் மறுக்கவில்லை. அவற்றைக் கண்டுபிடிக்கும் பொறுப்பும் அதிகாரமும் அரசாங்கத்துக்கு உண்டு. தம்பதியரைத் தனித்தனியே விசாரிக்கலாம், வீட்டுக்கு வந்து பார்க்கலாம், பொய் சொன்னவர்மேல் வழக்குப் போடலாம். குடியுரிமை வரை போனவரிடமிருந்தும், திருமணம் இரண்டு ஆண்டுக்குள் முறிந்தால், அதைப் பறிக்க அரசியலமைப்பின் 26(2)ஆம் பிரிவு ஏற்கெனவே இடம் தருகிறது. இத்தனை காவல் இருந்தும், எட்டு ஆண்டு சேர்ந்து வாழ்ந்து இரண்டு பிள்ளை பெற்றவர்களையும் சந்தேகக் கூண்டில் நிறுத்துவது எந்த நியாயம்?

வேறு நாடுகளும் போலிக் கல்யாணத்தைக் கண்டு பயப்படுகின்றன. ஆனாலும் ஆஸ்திரேலியாவும் பிரிட்டனும் குடிமக்களின் துணைவருக்குத் தரும் விசாவிலேயே வேலை செய்யும் உரிமை அடங்கியிருக்கிறது. இந்தியக் குடிமகனை மணந்த மலேசியப் பெண்ணோ இந்தியப் பெண்ணை மணந்த மலேசிய ஆணோ, திருமணமாகி இரண்டு ஆண்டு ஆனபின் ஓ.சி.ஐ. (இந்தியாவின் வெளிநாட்டுக் குடிமகன்) அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். அட்டை கிடைத்தால் அங்கே தங்கலாம், வேலையும் செய்யலாம். நம் பெண்ணுக்குத் தஞ்சாவூரில் கிடைப்பது, தஞ்சாவூர்ப் பெண்ணுக்குக் காப்பாரில் ஏன் கிடைக்கக் கூடாது?

நம் நாட்டுக்குள்ளேயே ஒரு ஒப்பீடு இருக்கிறது. 2022இல் அரசாங்கம் பிரீமியம் விசா திட்டத்தைத் தொடங்கியது. பத்து லட்சம் ரிங்கிட் வைப்புத்தொகை, மாதம் 40,000 ரிங்கிட் வருமானம் காட்டும் வெளிநாட்டவர் 20 ஆண்டு தங்கலாம், வேலை செய்யலாம், தொழில் நடத்தலாம். நம் குடிமகனின் மனைவிக்குக் கிடைக்கும் பாஸ் அதிகம் போனால் ஐந்து ஆண்டு, அதிலும் வேலைத் தடை. பணத்தை நம்பி 20 ஆண்டு தரும் நாடு, தன் சொந்தக் குடிமகனின் தாலியை நம்பி அதில் பாதியாவது தரக் கூடாதா?

ஐந்தாவது: "2024இல் சட்டத்தைத் திருத்தியாயிற்று. பிரச்சினை முடிந்தது."

2024 அக்டோபர் 17ஆம் தேதி மக்களவையில் 206 பேர் ஆதரவோடு குடியுரிமைத் திருத்த மசோதா நிறைவேறியது. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்களுக்கு அது பெரிய வெற்றி. தந்தை மலேசியரானால்தான் பிள்ளைக்குத் தானாகக் குடியுரிமை என்றிருந்த நிலையை மாற்ற ஆறு தாய்மாரும் ஃபேமிலி ஃபிரண்டியர்ஸ் அமைப்பும் நீதிமன்றம் போனார்கள். 2021 செப்டம்பர் 9ஆம் தேதி உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள், கடைசியில் நாடாளுமன்றம் அவர்கள் பக்கம் வந்தது. ஆனால் அந்தத் திருத்தம் முன்பே பிறந்த பிள்ளைகளுக்குப் பின்னோக்கிப் பொருந்தாது.

அதே மசோதாவின் மற்ற பக்கங்களையும் புரட்ட வேண்டும். சிவப்பு ஐ.சி. வைத்திருக்கும் நிரந்தரக் குடியிருப்பாளருக்கு இந்த மண்ணில் பிள்ளை பிறந்தால் தானாகக் குடியுரிமை என்ற பழைய விதி எடுக்கப்பட்டது. தலைமுறைகளாகத் தோட்டத்தில் வாழ்ந்தும் குடிமகனுக்கான நீல ஐ.சி. கிடைக்காமல் போன நம் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பெரிய அடி! குடியுரிமை கேட்கும் வெளிநாட்டு மனைவிக்கு மலாய் மொழித் தேர்ச்சி நிபந்தனையாகச் சேர்ந்தது. முன்பு சொன்ன 26(2)ஆம் பிரிவின் இரண்டு ஆண்டுக் கணக்கும் திருமண நாளிலிருந்து நகர்ந்து, குடியுரிமை பெற்ற நாளிலிருந்து தொடங்குவதாயிற்று. இந்தியாவும் மலேசியாவும் இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. இந்தியக் குடியுரிமையை விட்டுக் கொடுத்து மலேசியரான ஒரு பெண்ணின் மணவாழ்வு அந்த இரண்டு ஆண்டுக்குள் முறிந்தால், அவள் எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாதவளாக நிற்கும் அபாயம் உண்டு. மலேசியப் பெண்ணை மணந்த வெளிநாட்டுக் கணவனுக்கோ திருமணத்தின் வழியாகக் குடியுரிமை கேட்க அரசியலமைப்பில் இன்றும் ஒரு பிரிவும் இல்லை. 15ஆம் பிரிவு மனைவியைப் பற்றி மட்டுமே பேசுகிறது. பாலினத்தால் பாகுபாடு கூடாது என்று 2001இல் 8(2)ஆம் பிரிவில் எழுதிச் சேர்த்த நாடு இது. பாஸில் இருக்கும் வேலைத் தடைக்கும் அந்த மசோதாவுக்கும் சம்பந்தமே இல்லை. பிரச்சினை எங்கே முடிந்தது?

ஆறாவது, எல்லா வாதத்துக்கும் வேராக இருப்பது: "யார் வெளிநாட்டில் கட்டச் சொன்னது? வந்தவர்களுக்கு உரிமை கொடுக்க நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம்?"

இங்கேதான் பலர் வழி தவறுகிறார்கள். இந்த உரிமை முதலில் வந்தவருடையது என்று நினைக்கிறார்கள். இது காப்பாரில் பிறந்து, இங்கே வரி கட்டி, ஓட்டுப் போடும் குடிமகனுடைய உரிமை. தான் விரும்பியவரை மணந்து, தன் சொந்த நாட்டில், ஒரே கூரையின் கீழ், இரண்டு கை உழைத்து வாழும் உரிமை. மனைவியின் பாஸ் தள்ளிப்போகும்போது தண்டனை அவனுக்கும்தான். பிள்ளையின் அம்மாவுக்கு வேலை மறுக்கப்படும்போது பசி அந்தப் பிள்ளைக்கும்தான்.

நம் சமுதாயத்துக்கு இது புதுப் பாடம் இல்லை. 1969 இனக் கலவரத்துக்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்யப் பெர்மிட் கட்டாயம் என்றானது. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்குக் கருவி. தோட்டங்களிலிருந்து சுமார் 60,000 இந்தியத் தொழிலாளர்கள் தமிழ்நாட்டுக்குக் கப்பலேறினார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். யாரும் அவர்களைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவில்லை. வேலை உரிமையை எடுத்தார்கள், அவ்வளவே. உழைக்க விடாமல் ஒருவரை ஒரு மண்ணிலிருந்து வெளியேற்ற முடியும் என்பதை நம் தாத்தா பாட்டிகள் அனுபவித்துத் தெரிந்துகொண்டார்கள். இன்று அதையே நம் மருமகளுக்கும் மருமகனுக்கும் சரி என்று சொல்ல நமக்கு மனம் வருமா?

இன்னும் பின்னால் போங்கள். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் போன்றோரின் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களின் கோரிக்கைப் பட்டியலில் கூலி உயர்வு இருந்தது, கள்ளுக்கடையை மூடச் சொன்னது இருந்தது, துரைக்கு முன்னால் சைக்கிளை விட்டு இறங்க மாட்டோம் என்பதும் இருந்தது. அவற்றோடு இன்னொன்றும் இருந்தது: எங்கள் உறவினரும் நண்பர்களும் தோட்டத்துக்குள் தடையின்றி வந்துபோக விட வேண்டும். பசியோடு கூலி கேட்டவர்கள், உறவையும் சேர்த்தே கேட்டார்கள். நாதனை நாடு கடத்தினார்கள். கோரிக்கை இந்த மண்ணிலேயே தங்கிவிட்டது.

அந்தக் கோரிக்கையின் இன்றைய வடிவம் மிக எளியது. துணைவர் பாஸிலிருந்து வேலைத் தடை வரியை எடுங்கள். பாஸ் கிடைத்த நாளிலேயே வேலை உரிமையும் கிடைக்கட்டும். துணையை இழந்தவரும் துணையின் கொடுமையிலிருந்து தப்பியவரும் தங்கள் பெயரிலேயே பாஸைப் புதுப்பிக்க வழி செய்யுங்கள். கணவனுக்கும் மனைவிக்கும் ஒரே விதி வையுங்கள். போலிகளைப் பிடியுங்கள், மெய்யான குடும்பங்களை வாழ விடுங்கள்.

இதைப் படிக்கும் உங்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் தாமானிலும் இப்படி ஒரு வீடு இருக்கும். அடுத்த முறை உங்கள் நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டோ விருந்துக்கோ உங்கள் பக்கம் வரும்போது, அந்த வீட்டுக்காரர்களையும் கூட அழைத்துப் போங்கள். அந்தக் கடப்பிதழைத் திறந்து, அந்த ஒரு வரியை அவரையே வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள்.