தூரமும் ஒரு பாடமா?



எங்க வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான்தான். போன வருஷம் மாநில அளவில் நடந்த ஒரு போட்டிக்கு என் பெயரும் தேர்வாச்சு. பஸ் செலவு தனி, ஒரு ராத்திரி தங்கணும் என்றதும் அம்மா, “வேண்டாம்மா, விட்டுடு” என்று சொல்லிட்டாங்க. மார்க்கில் நான் பாஸ், தூரத்தில் ஃபெயில்!

அந்த வருத்தத்தில் இருந்தப்பதான் அமெரிக்காவின் ‘ஃபை தீட்டா காப்பா’ சங்கத்தைப் பற்றிப் படித்தேன். அங்குள்ள இரண்டாண்டுக் கல்லூரிகளில் நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் சங்கம் அது. 1918-ல் மிசௌரி மாநிலத்தில் தொடங்கியது. கல்லூரிதோறும் கிளை. தலைமையகம் மிசிசிப்பி மாநிலத்தின் ஜாக்சன் நகரில். நாடு முழுக்க உள்ள கிளைகளை அங்கிருந்தே கட்டி மேய்க்க முடியுமா? அதனால்தான் பிராந்தியங்கள். வட கரோலினா, தென் கரோலினா இரண்டும் சேர்ந்து ஒரு பிராந்தியம். டெக்சாஸ் தனியாகவே ஒன்று. பிராந்திய நிர்வாகிகளாக மாணவர்களே தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். பிராந்திய மாநாடும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அதுவே போதுமா? டெக்சாஸில் எல் பாசோவிலிருந்து ஹூஸ்டனுக்குச் சாலைவழியே சுமார் 1,200 கிலோமீட்டர். நம்ம சென்னையிலிருந்து கன்னியாகுமரியே சுமார் 700தான்! வேலை பார்த்துக்கொண்டே படிக்கிற ஒரு மாணவி ஒரு கூட்டத்துக்காக அவ்வளவு தூரம் போவாளா? ஆகவே பெரிய பிராந்தியத்துக்குள் சிறு வட்டாரங்கள் இருந்தே ஆகணும் என்பது என் கருத்து.

“பிரித்தால் ஒற்றுமை போய்விடும், செலவு கூடும்” என்று சிலர் சொல்லலாம். ஒரு தடவைகூட நேரில் பார்க்காதவர்களிடம் என்ன ஒற்றுமை இருக்கும்? செலவு என்றால் யாருக்குச் செலவு? சங்கத்துக்கு மிச்சமாகிற காசு, தூரத்து மாணவியின் கையிலிருந்துதானே போகிறது!

ஆனால் வட்டாரத்தை எப்படிப் பிரிப்பது என்பது முக்கியம். வரைபடத்தை வைத்துக் கோடு போட்டால் மட்டும் போதாது. கிளைகளின் எண்ணிக்கையைச் சமமாக்கினாலும் போதாது. காலையில் கிளம்பியவள் இருட்டுவதற்குள் வீடு திரும்ப முடியணும். அதுதான் எல்லை. கூட்டமும் பெரிய நகரத்துக் கல்லூரியிலேயே நடக்காமல், சின்ன ஊர்க் கல்லூரிக்கும் முறை வைத்து வரணும். இல்லாவிட்டால் வட்டாரத் தலைவர் என்று இன்னொரு நாற்காலி கூடும், அவ்வளவுதான்.

தோழர்களே! நாளைக்கு நம்மில் யாராவது ஒரு சங்கத்துக்குப் பொறுப்பேற்கலாம். அன்றைக்குக் கூட்டத்துக்கு இடம் குறிக்கும்போது, கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று முதலில் கேளுங்கள். தகுதியை மார்க் சொல்லட்டும். பஸ் டிக்கெட் சொல்ல வேண்டாம்!