செஞ்சிக்கோட்டை குரூப் போட்டோவில் இல்லாதவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். டீச்சர் வகுப்பில் பேசினால் மணி அடித்த பிறகும் நிறுத்த மாட்டாள் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

2025 ஜூலையில் செஞ்சிக்கோட்டையை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தார்கள் இல்லையா? மராட்டியர் காலத்துக் கோட்டைகள் பன்னிரண்டைச் சேர்த்து அறிவித்ததில் பதினொன்று மகாராஷ்டிராவில் இருக்கின்றன, ஒன்று மட்டும் நம்முடையது. செய்தி வந்த அன்றே நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் வந்து விழுந்தது. 1991 தை மாதம், எட்டாம் வகுப்புச் சுற்றுலா, கல்யாண மகால் முன்னால் எடுத்தது. அப்போது விழுப்புரம் மாவட்டமே கிடையாது, நாமெல்லாம் தென்னாற்காடு. படத்துக்குக் கீழே "எங்க மொத்த கிளாஸும், மறக்க முடியாத நாள்" என்று எழுதி நாலைந்து இதயம் போட்டிருந்தார்கள். நானும் ஒரு கும்பிடு போட்டேன்.

மறுநாள் காலையில் ஒரு பதில் வந்தது. "டீச்சர், நானும் அந்த கிளாஸ்தான். நான் இதுல இல்ல."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தில் இருப்பவர்களை எண்ணினேன். முப்பத்தைந்து பேர். அந்த வருடம் வகுப்பில் நாற்பத்தொரு பிள்ளைகள். ஆறு பேர் வரவில்லை. முப்பத்து நாலு வருஷமாக என் பீரோவில் இருக்கும் படம், ஒரு நாளும் எண்ணிப் பார்த்ததில்லை.

படத்தின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். கேமரா என் கொழுந்தனாருடையது, அக்ஃபா கிளிக் த்ரீ. அப்போதே பழசு. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம்தான், அதில் எட்டுதான் தேறியது. முன்வரிசையில் சட்டை கிழிந்து நிற்கிறானே, அவனைப் பார்த்து "பாவம், அந்தக் காலத்து வறுமை" என்று ஒருவர் எழுதியிருந்தார். வறுமை எல்லாம் இல்லை. புளிசாதப் பொட்டலத்தைப் பிடுங்க வந்த குரங்கோடு அவன் மல்லுக்கு நின்றதில் கிழிந்தது. குரங்குதான் ஜெயித்தது. நான் ராஜகிரி உச்சிக்கு ஏறியதாக இன்றும் சிலர் நம்புகிறீர்கள். ஏறவில்லை. மூச்சு வாங்கியதால் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே பள்ளத்தைத் தாண்டுகிற அந்தச் சின்னப் பாலத்தை நீங்கள் சொல்லிக் கேட்டதோடு சரி.

எல்லா ஆசிரியர்களும் படத்தில் இருக்கிறோம், அப்படியானால் எடுத்தது யார்? வேனில் வந்த கிளீனர் பையன். உங்கள் வயசுதான் இருக்கும். எதை அமுக்க வேண்டும் என்று காட்டிக் கொடுத்தோம், எடுத்தான். படத்தின் கீழ் ஓரத்தில் தரையில் நீளமாக ஒரு நிழல் விழுந்திருக்கிறதே, அது அவனுடையது. அவன் பெயர் என்ன என்று அன்றைக்கு நானும் கேட்கவில்லை, நீங்களும் கேட்கவில்லை. பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டிய வயசில் அவன் ஏன் வேன் கதவில் தொங்கிக்கொண்டு வந்தான் என்று ஒரு ஆசிரியைக்குத் தோன்றியிருக்க வேண்டாமா?

பச்சைக் கண்ணோடு ஒரு ஆப்கானியப் பெண் படம் பார்த்திருப்பீர்கள். 1984-இல் பாகிஸ்தானில் ஒரு அகதி முகாமில், பள்ளிக்கூடமாக இருந்த கூடாரத்தில் ஸ்டீவ் மெக்கரி என்பவர் எடுத்தது. 1985 ஜூனில் நேஷனல் ஜியாக்ரஃபிக் அட்டையில் வந்து உலகம் முழுக்கப் பரவியது. அவள் பெயர் ஷர்பத் குலா என்பது 2002-இல் தேடிப் போய்க் கண்டுபிடித்த பிறகுதான் தெரிந்தது. முன்பின் தெரியாத ஒருவர் தன்னைப் படம் எடுத்ததில் அன்று கோபமாக இருந்தேன் என்று அந்த அம்மா சொன்னாராம். நாமெல்லாம் அந்தக் கண்களில் என்னென்னவோ படித்துக்கொண்டிருந்தோம்.

சரி, நம் கதைக்கு வருகிறேன். "நான் இதுல இல்ல" என்று எழுதிய பிள்ளைக்கு போன் செய்தேன். பெயர் வேண்டாம் என்றாள், எழுதவில்லை. "அன்னிக்கு உடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டேன். சிரித்தாள். "இல்ல டீச்சர். அம்மாகூட உக்காந்து வெத மல்லாட்ட ஒடச்சிக்கிட்டு இருந்தேன்." விதைப்புக்குக் கொடுக்கிற மல்லாட்டையை மிஷினில் போட மாட்டார்கள், பருப்பு அடிபடும். கையால்தான் உடைக்க வேண்டும். மரக்கால் கணக்கில் கூலி. நாலு மரக்கால் தாண்டினால் கட்டைவிரல் வீங்கிவிடும். நீங்கள் குரங்கை விரட்டிக்கொண்டிருந்த நேரத்தில் அவள் அந்த வேலையில் இருந்திருக்கிறாள்.

சுற்றுலாவுக்கு முப்பது ரூபாய். அந்த வீட்டில் அது ஒரு வாரச் செலவு. இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு மூன்று நாளாகத் தூக்கத்தைக் கெடுத்தது. "பணம் கட்டாதவங்கல்லாம் எழுந்திருங்கன்னு ரெண்டு நாள் நிக்க வெச்சீங்க டீச்சர். ரெண்டாவது நாள் நானே, எனக்குக் குன்று ஏறினா மயக்கம் வரும், நான் வரலன்னு சொல்லிட்டேன்." அதை அப்படியே நம்பி, பட்டியலில் அவள் பெயருக்கு நேராக "உடல்நலமில்லை" என்று எழுதியது நான்தான். கேட்பதற்கு வசதியாக இருந்தது, நம்பிவிட்டேன்.

அவளிடம் போனிலேயே மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க டீச்சர்" என்றாள். அவள் விட்டுவிட்டாள் என்பதற்காக நானும் விட்டுவிட முடியாது. அதனால்தான் இதை எல்லோர் முன்னாலும் எழுதுகிறேன்.

அடுத்த வருஷம் நான் கொஞ்சம் மாறினேன் என்பதையும் சொல்ல வேண்டும். தெளிந்து மாறியதில்லை, வேன் வாடகை ஏறிவிட்டது, அவ்வளவுதான். டவுன் பஸ்ஸில் திருவக்கரைக்குப் போனோம், மயிலம் பக்கம். கையில் சாப்பாடு, பஸ்ஸுக்குச் சில்லறை. ஒரு பிள்ளை பாக்கியில்லாமல் வந்தது. மரம் கல்லாகிக் கிடக்கிற இடம் அது. சுமார் 2 கோடி வருஷத்துக்கு முந்தியது என்கிறார்கள். 1781-இலேயே சொனரா என்கிற பிரெஞ்சுக்காரர் பார்த்து எழுதியிருக்கிறார். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை வேலி போட்டுப் பாதுகாக்கிறது. கிடக்கிற மரங்களுக்கு வேரும் கிளையும் இல்லாததைக் காட்டி, "ஏன் டீச்சர்?" என்று ஒரு பையன் கேட்டான். வெள்ளம் எங்கிருந்தோ அடித்துக்கொண்டு வந்து போட்டது, மணலில் புதைந்து, மரம் இருந்த இடத்தில் சிலிக்கா ஊறிக் கல்லாகிவிட்டது என்று, அங்கே இருந்த பலகையைப் படித்துவிட்டு எனக்கே தெரிந்த மாதிரி சொன்னேன். அந்தப் பயணத்துக்குப் படமே இல்லை. கேமரா ரிப்பேர். ஆனால் அந்த வருஷத்துப் பிள்ளைகள் எங்கே பார்த்தாலும் திருவக்கரையைத்தான் பேசுகிறார்கள். அன்றைக்கு யார் வரவில்லை என்று அவர்களுக்குள் யோசிக்க வேண்டியதே இல்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் பேத்தி பள்ளியில் தீம் பார்க் போக ஒரு பிள்ளைக்கு ஆயிரக்கணக்கில் கேட்கிறார்கள். "விருப்பம் உள்ளவர்கள் மட்டும்" என்று ஒரு வரி போட்டிருக்கிறார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு ஏது விருப்பம் இல்லாமல் போகும்? அப்பா அம்மாவிடம் பணம் இல்லை என்பதற்கு நாகரிகமாக வைத்த பெயர்தான் அது. என் தங்கை மகன் வாதாடுகிறான்: "பெரியம்மா, பிள்ளைங்களுக்கு தண்ணி சறுக்குதான் புடிக்கும், கல்லுமரத்த யாரு பாப்பாங்க? நாலு பேரால முடியலன்னா முப்பது பேரும் வீட்ல இருக்கணுமா?" அவன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தண்ணீர் சறுக்கு எனக்கே பிடிக்கும். குடும்பத்தோடு தாராளமாகப் போகட்டும். பள்ளிக்கூடத்தின் பெயரால் போகிற பயணம் மட்டும் கடைசிப் பிள்ளையால் கட்ட முடிகிற தொகைக்குள் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்தப் பணத்தைப் பள்ளியே போட வேண்டும் என்கிறேன். நமக்குப் பக்கத்திலேயே மண்டகப்பட்டு இருக்கிறது. செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் கோயில் எடுத்தேன் என்று மகேந்திரவர்ம பல்லவன் கல்லில் எழுதி வைத்த குடைவரை. மரக்காணத்தில் உப்பளம் இருக்கிறது. பாதிப் பிள்ளைகள் உப்பு எப்படி விளைகிறது என்று பார்த்ததே இல்லை.

உங்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள். பணம் கட்டாதவர்களை எழுப்பி நிற்க வைக்காதீர்கள். தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "மயக்கம் வரும்" என்று ஒரு பிள்ளை சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். பழைய படம் போடுகிறவர்கள் தேதி, இடம் எழுதுவதோடு, எடுத்தது யார், வராதவர்கள் யார் என்றும் ஒரு வரி சேர்த்துப் போடுங்கள்.

போனை வைக்கும் முன் அவள் சொன்னாள்: "இன்னைக்கு வரைக்கும் செஞ்சிக்கோட்டைக்குப் போனதில்ல டீச்சர். திருவண்ணாமலைக்கு பௌர்ணமிக்குப் பௌர்ணமி போறேன், பஸ்ஸு ரெண்டு மலைக்கும் நடுவுலதான் போவுது. ஜன்னல்ல பாக்கறதோட சரி."

வருகிற தை மாதம், பொங்கல் கழிந்த முதல் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று பேசியிருக்கிறோம். அந்த ஆறு பேரில் நான்கு பேரைக் கண்டுபிடித்துவிட்டோம். மற்ற இரண்டு பேர் எங்கே இருக்கிறார்கள் என்று தெரிந்தவர்கள் எனக்குத் தனியாகச் சொல்லுங்கள். அந்த வேன் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நிற்கும் வேன். அந்தப் பையனைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தாலும் சொல்லுங்கள், இப்போது அவருக்கும் ஐம்பது நெருங்கியிருக்கும். புளிசாதம் நான் செய்து எடுத்து வருகிறேன். இந்த முறையும் மேலே ஏற மாட்டேன், முட்டி வலி.