கடதாசி மடிப்பில் இருந்த கற்கள்



ஒரு நாள் அஸர் தொழுகை முடிந்த பின் மத்ரஸா வாசலில் ஒரு தாய் வந்து நின்றார். அவருடைய மகன் எங்களிடம் ஓதியவன். இப்போது இந்த இரத்தினபுரி நகரிலேயே கல் வெட்டிப் பட்டை தீட்டும் ஒரு பட்டறையில் வேலை செய்கிறான். முந்தானையில் முடிந்திருந்த சின்ன வெள்ளைக் கடதாசி மடிப்பை அவிழ்த்துக் காட்டினார். உள்ளே நான்கு சிறிய நீலக்கற்கள்.

"மௌலவி, சேர்ட்டைக் கழுவ எடுத்தபோது பையில் இருந்தது. கேட்டால், வெட்டும்போது விழுகிற கழிவு உம்மா, எல்லாரும் எடுக்கிறதுதான் என்கிறான். கழிவு இப்படியா இருக்கும்?"

நம்மூர்ப் பெண்களுக்குக் கல்லைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வெளியூர்ச் சகோதரிகளும் இந்தப் பக்கத்தை வாசிப்பதால் சற்று விளக்குகிறேன். குழியிலிருந்து எடுக்கும் 'இல்லம்' என்ற கூழாங்கல் மண்ணைப் பங்காளிகள் எல்லாரும் பார்த்திருக்கத்தான் கழுவுவார்கள். நிலத்துக்குரியவர், பணம் போட்டவர், தண்ணீர் இறைக்கும் இயந்திரம் கொடுத்தவர், இறங்கி வேலை செய்தவர் என்று ஒவ்வொருவருக்கும் பங்குண்டு. பல கண்கள் பார்ப்பதால் அங்கே கை நீள்வது கடினம். கல் பட்டறைக்குள் போன பிறகுதான் சோதனை ஆரம்பிக்கிறது. ஐந்து கரட் சேர்ந்தால்தான் ஒரு கிராம். பத்துக் கரட் கரட்டுக் கல்லை வெட்டினால் நான்கு கரட் மிஞ்சுவதே சில நேரம் பெரிது. மீதி தூளாகப் போயிற்றா, துண்டாகப் போயிற்றா என்பதை வெட்டியவனும் அவனைப் படைத்த ரப்பும் மட்டுமே அறிவார்கள். கல்லையே மாற்றி வைப்பவர்களும் உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் வெர்னுயில் 1902இல் வெளியிட்ட முறையிலே உலையில் செய்யும் கற்கள், பழக்கமில்லாத கண்ணுக்கு அசல் போலவே தெரியும். உருப்பெருக்குக் கண்ணாடியில் வளைந்த கோடுகளையும் காற்றுக் குமிழிகளையும் தேடினால்தான் பிடிபடும்.

இதற்காகத்தான் தரம் பார்த்துச் சான்றிதழ் கொடுக்கும் கூடங்கள் வந்தன. நம் நாட்டில் 1971இல் அரச இரத்தினக்கல் கூட்டுத்தாபனமும், அதன் இடத்தில் 1993இன் சட்டத்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபையும் உருவாயின. வைரத்துக்கு உலகமே நம்புவது 1931இல் தொடங்கிய அமெரிக்க இரத்தினவியல் நிறுவனத்தை. வாங்குபவர் கல்லைப் பார்ப்பதைவிட அதன் கடதாசியைத்தான் பார்க்கிறார். அப்படியென்றால், கடதாசியை எழுதுபவன் கெட்டுப் போனால்?

அதுவும் நடந்தது. 2005இல் அந்த நிறுவனத்தின் நியூயோர்க் கூடத்தில் சில வியாபாரிகளிடம் கைநீட்டி வைரங்களின் தரத்தை உயர்த்தி எழுதிய விவகாரம் வெளிப்பட்டு, ஊழியர் நால்வர் நீக்கப்பட்டார்கள். கல் யாருடையது என்பது தரம் பார்ப்பவனுக்குத் தெரியக்கூடாது என்பதே அங்குள்ள ஏற்பாடு. பூட்டு நல்ல பூட்டுத்தான், சாவி வைத்திருந்தவன் மனிதன். பத்து வருடம் கழித்து, 2015 ஒக்டோபரில், 1,042 வைரங்களின் தரம் கணினிக்குள்ளேயே களவாக மாற்றப்பட்டிருப்பதாக அந்நிறுவனம் அறிவித்தது. தனக்கு ஒப்பந்த வேலை செய்த இந்தியாவின் டாட்டா கன்சல்டன்சி நிறுவனத்தின் முன்னாள் ஊழியர்களே இதைச் செய்ததாக நம்புவதாகச் சொன்னது. அந்தச் சான்றிதழ்கள் செல்லாதவையாயின. கற்களை மறுபரிசோதனைக்கு அனுப்பும்படி கேட்கப்பட்டது. அவற்றில் எத்தனை அதற்குள் மணமகளின் விரலுக்குப் போயிருக்குமோ!

அமெரிக்காவில் பிள்ளைகளின் பழைய படக்கதைப் புத்தகங்களுக்கும் இப்படித் தரம் பார்க்கிறார்கள் என்றால் சிரிப்பீர்கள். பத்துக்கு இத்தனை என்று புள்ளியிட்டு, பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்துக் கொடுப்பார்கள். எட்டரைப் புள்ளி பெற்ற 1938ஆம் ஆண்டுப் புத்தகம் ஒன்று 2024இல் 60 இலட்சம் டொலருக்கு விற்றது. பேழையைத் திறந்து மட்டமான பிரதியை உள்ளே வைத்து மூடிய மோசடி அங்கும் 2023 இறுதியில் அம்பலமானது. கல்லோ கடதாசியோ, நோய் ஒன்றுதான்.

நபி (ஸல்) அவர்கள் காலத்திலும் ஸக்காத் வசூலிக்கப் போன ஒருவர் திரும்பி வந்து, இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாகக் கிடைத்தது என்று பிரித்து வைத்தார். தாய் தந்தையர் வீட்டிலேயே உட்கார்ந்திருந்தால் இந்த அன்பளிப்பு தேடி வந்திருக்குமா என்ற கருத்தில் மிம்பரிலேயே நபியவர்கள் கடிந்து கேட்டார்கள். நியூயோர்க்கில் கைநீட்டியவர்களுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும்.

வேலையாளின் கையில் கொடுத்த பொருள் அமானிதம் என்று நம் ஷாஃபிஈ மத்ஹப் நூல்கள் சொல்கின்றன. அவன் தவறின்றி அது பழுதானால் ஈடு கட்டத் தேவையில்லை. கற்பிளந்து போனதற்குக் கூலியைப் பிடிக்கும் முதலாளிமார் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். வரம்பு மீறி எடுத்தால் அவனே பொறுப்பு. ஒப்படைத்த பொருளில் மோசடி செய்தவனுக்குத் திருடனுக்குரிய தண்டனை இல்லையே என்று வாதாடும் இளைஞரைக் கண்டிருக்கிறேன். தண்டனை வேறு என்பது உண்மை. ஆனால் அமானித மோசடி முனாஃபிக்கின் அடையாளங்களில் ஒன்றாக எண்ணப்பட்டிருப்பதை அவர் வாசிக்கவில்லை போலும்.

அந்தத் தாய் இதையெல்லாம் கேட்டுவிட்டு, மெல்லிய குரலில் வேறொன்று கேட்டார். "இத்தனை நாள் அவன் தந்த காசில் நான் சமைத்துப் போட்டதெல்லாம், மௌலவி? அதில் நோன்பு திறந்தோமே."

எனக்குத் தொண்டை அடைத்தது. "தாத்தா, அறியாமல் உண்டதற்கு உங்கள் மேல் குற்றமில்லை. இன்று அறிந்துவிட்டீர்கள். இனிமேல் சம்பளம் எது, மற்றது எது என்று பிரித்துக் கேட்டுத்தான் அடுப்பை மூட்ட வேண்டும்" என்றேன். கற்களை என்ன செய்வது என்றார். தர்மம் செய்துவிடலாமா என்ற எண்ணம் அவருக்கு இருந்தது. சொந்தக்காரர் உயிரோடு, கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது அவர் பொருளைத் தர்மம் செய்ய நாம் யார்? அவரிடமே சேர்க்க வேண்டும், இறந்திருந்தால் வாரிசுகளிடம். எவ்வளவு தேடியும் ஆள் தெரியாதபோதுதான் மற்றப் பேச்சு. மகனை அவமானப்படுத்தாமல் கொடுக்க வழியுண்டா என்றும் கேட்டார். பெயர் சொல்லாமல் சேர்ப்பித்தாலும் உரிமை போய்ச் சேரும். ஆனால் மேசைக் கணக்கில் குறைந்த கல்லுக்காக வேறொரு பையன் சந்தேகப்பட்டிருந்தால், அவனுக்கு யார் பதில் சொல்வது?

அதற்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. கடதாசியை மறுபடி நான்காக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு போய்விட்டார்.

மூன்று நாள் கழித்து மகனே வந்தான். உம்மாவும் அவனும் சேர்ந்து முதலாளியிடம் போனார்களாம். முதலாளி கற்களை நிறுத்துப் பார்த்து, ஒன்று பேருவளை வியாபாரி ஒருவருடையது என்று அடையாளம் கண்டாராம். அந்தக் கல் காணாமற் போனதற்காகத்தான் சென்ற மாதம் பட்டறையில் ஒரு சிங்களப் பையனை நிறுத்தியிருக்கிறார்கள். இவனுக்கும் வேலை போயிற்று.

"அந்தப் பையனின் வீடு குருவிட்டைப் பக்கம், ஹஸரத். நாளைக்குப் போகிறேன். நீங்களும் வருவீர்களா?" என்றான். காலை ஏழு மணி பஸ்ஸில் இருவரும் புறப்பட்டோம்.